கடை திறக்குமுன் கல்லாவில் உட்கார்ந்தவன்: ஜோஷி வைரஸ் முதல் செக்யூர் பூட் வரை



பி.காம் படிக்கிறவனுக்கு கம்ப்யூட்டர் வைரஸ் பற்றி என்ன தெரியும் என்று கேட்கப் போகிறீர்கள். நியாயமான கேள்விதான். போன மாதம் வரை எனக்கும் ஒன்றும் தெரியாது. ஒரு பழைய லேப்டாப்பும் கம்பத்தில் இருக்கும் என் தாய்மாமாவும் சேர்ந்து என்னைப் படிக்க வைத்துவிட்டார்கள்.

கதை இதுதான். கல்லூரி முடிந்த பிறகு சாயங்காலம் போடியில் ஒரு ஏலக்காய் வியாபாரியிடம் கணக்கு எழுதப் போகிறேன். கணக்கு எழுதுவது என்றால் டேலியில் பில் போடுவது, ஜி.எஸ்.டி. ரிட்டர்னுக்கு எல்லாம் சரிபார்த்து வைப்பது. வீட்டிலும் உட்கார்ந்து வேலை பார்க்கலாமே என்று செகண்ட் ஹேண்டில் ஒரு லேப்டாப் வாங்கினேன். விலை மலிவு. விண்டோஸ் எல்லாம் போட்டு, "அப்படியே ஓட்டலாம் தம்பி" என்று கொடுத்தார்கள். நானும் அப்படியே ஓட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பத்துக்குப் போனபோது மாமா அதைத் திறந்து பார்த்தார். மாமா சாதாரண ஆள் இல்லை. 1990களில் கம்பத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டாஸ், லோட்டஸ் எல்லாம் சொல்லிக் கொடுத்தவர். அப்போது தேனி மாவட்டமே கிடையாது, எல்லாம் மதுரை மாவட்டம்தான் (தேனி தனி மாவட்டம் ஆனது 1996-ல்). விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, எதையோ தட்டி, ஒரு பட்டியலைக் கொண்டு வந்தார். அதில் ஒரு வரியைக் காட்டினார்.

"மாப்ள, செக்யூர் பூட் ஆஃப்ல கெடக்கு. நீ அணைச்சியா?"

"இல்ல மாமா. அது என்னன்டே எனக்குத் தெரியாது."

"ஊரான் கணக்கை இதுல எழுதிக்கிட்டுத் திரியுற. என்னன்டே தெரியாதாம்."

உள்ளே போனவர் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவோடு வந்தார். உள்ளே பத்துப் பன்னிரண்டு ஃப்ளாப்பிகள், அகலமான ஐந்தேகால் இஞ்ச் வகை. ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு சின்ன வெள்ளி நிற ஸ்டிக்கர். "அந்தக் காலத்துல இந்த ஸ்டிக்கர்தான்டா செக்யூர் பூட்டு" என்றார். அன்றைக்கு மத்தியானம் அவர் சொன்னதும், பிறகு நான் தேடிப் படித்ததும்தான் இந்தக் கட்டுரை.

கடை திறக்கும் வரிசை

முதலில் ஒரு சின்ன விளக்கம். தெரிந்தவர்கள் அடுத்த பகுதிக்குத் தாவிவிடலாம்.

கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் விண்டோஸ் வந்துவிடுவதில்லை. ஒரு கடை காலையில் திறப்பது மாதிரி அதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் மதர்போர்டில் ஒரு சிப்புக்குள் இருக்கும் பயாஸ் விழிக்கிறது. மெமரி இருக்கிறதா, கீபோர்டு இருக்கிறதா என்று பார்க்கிறது. பிறகு டிஸ்கின் முதல் செக்டாரைப் படிக்கிறது. மொத்தம் 512 பைட். நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கும் இந்தப் பத்தியைக்கூட அதற்குள் அடக்க முடியாது. ஆனால் அந்த 512 பைட்டுக்குள் இருக்கும் குட்டி நிரலிடம்தான் பயாஸ் மொத்தச் சாவியையும் கொடுக்கிறது. அது அடுத்த ஆளைக் கூப்பிடுகிறது, அந்த ஆள் ஆபரேட்டிங் சிஸ்டத்தை எழுப்புகிறார். ஆன்டிவைரஸ் வருவது அதற்கெல்லாம் பிறகு.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பழைய பயாஸ் அந்த முதல் செக்டாரில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதே இல்லை. கடைசி இரண்டு பைட்டில் ஓர் அடையாளக் குறி இருந்தால் போதும், "சரி, நீ ஓடு" என்று விட்டுவிடும். அதாவது காலையில் ஷட்டர் முன்னால் யார் நின்றாலும் சாவியைக் கொடுத்துவிடும் முதலாளி! திருடன் முதலில் வந்து நின்றால் அவன்தான் கல்லாவில் உட்காருவான். பிறகு வரும் வாட்ச்மேன் அவனுக்கே சல்யூட் அடிப்பார்.

லாகூர், 1986

இந்த ஓட்டையை முதலில் பெரிய அளவில் பயன்படுத்தியவர்கள் நம் பக்கத்து நாட்டுக்காரர்கள். பாகிஸ்தானின் லாகூரில் பாசித் ஃபரூக் ஆல்வி, அம்ஜத் ஃபரூக் ஆல்வி என்று இரண்டு சகோதரர்கள். அவர்கள் எழுதிய மருத்துவ மென்பொருளை ஆட்கள் திருட்டுத்தனமாக நகல் எடுத்தார்கள் என்று, 1986-ல் ஒரு நிரலை எழுதி ஃப்ளாப்பியின் பூட் செக்டாரில் வைத்தார்கள். அதுதான் பிரெய்ன். ஐ.பி.எம். வகை பி.சி.க்களில் உலகம் சுற்றிய முதல் வைரஸ்.

இதில் பெரிய வேடிக்கை, அந்த வைரஸுக்குள் தங்கள் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார்கள். தடுப்பு மருந்துக்கு எங்களை அணுகவும் என்று ஒரு குறிப்பு வேறு! பிரெய்ன் பெரிதாக எதையும் அழிக்கவில்லை, ஹார்ட் டிஸ்க்கைத் தொடவும் இல்லை. ஆனால் ஒளிந்துகொள்ளும் வித்தை அதற்கு அப்போதே தெரிந்திருந்தது. யாராவது பூட் செக்டாரைப் படிக்கப் போனால், தன்னைக் காட்டாமல், வேறு இடத்தில் ஒளித்து வைத்த அசல் செக்டாரை எடுத்துக் காட்டும். 2011-ல் ஃபின்லாந்து நாட்டு வைரஸ் ஆய்வாளர் மிக்கோ ஹிப்பொனென் லாகூருக்கே போய் அந்தச் சகோதரர்களைச் சந்தித்துப் பேட்டி எடுத்தார்.

காமர்ஸ் மாணவர்களுக்கு ஒரு கொசுறு: அதே 1986-ல்தான் பெங்களூரில் ஷ்யாம் சுந்தர் கோயங்காவும் அவர் மகன் பரத் கோயங்காவும் பியூட்ரானிக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பின்னாளில் டேலி ஆனது அதுதான். பேரேடு கம்ப்யூட்டருக்குள் நுழைந்ததும், கம்ப்யூட்டர் விழிக்கும் முன்பே உட்காரும் திருடன் வந்ததும் ஒரே வருடம்!

பிறந்தநாள் வாழ்த்து கேட்ட ஜோஷி

அடுத்து வருபவர் நம் ஊர்க்காரர். 1990 ஜூனில் இந்தியாவில் ஒரு வைரஸ் பிடிபட்டது. அப்போதே இந்தியாவில் பரவலாக இருந்தது, ஆப்பிரிக்காவின் சில பகுதிகள் வரைக்கும் போயிருந்தது. பெயர் ஜோஷி.

வருடம் முழுவதும் அது சும்மா இருக்கும். ஜனவரி 5 வந்தால் மட்டும் திரையில் "டைப் ஹாப்பி பர்த்டே ஜோஷி" என்று காட்டிவிட்டு அப்படியே நின்றுவிடும். "ஹாப்பி பர்த்டே ஜோஷி" என்று நீங்கள் டைப் அடித்தால் வழி விடும். அந்த ஜோஷி யார் என்று கடைசி வரை வெளியே வரவில்லை.

"1993 ஜனவரி 5, எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு" என்றார் மாமா. சென்டரில் நாலு கம்ப்யூட்டர். காலை பேட்ச் வந்து ஆன் செய்தால் நாலிலும் ஜோஷிக்குப் பிறந்தநாள்! "ஒரு பொம்பளப்புள்ள பயந்து போயி, சார் நான் எதையும் தொடலன்னு அழ ஆரம்பிச்சிருச்சு. இன்னொரு பய, யாரு சார் ஜோஷி, ஓனரான்னு கேட்டான்." :-)

கேட்க வேடிக்கையாக இருந்தாலும் தொழில்நுட்பத்தில் ஜோஷி கெட்டிக்காரன். ஃப்ளாப்பியின் வழக்கமான 40 டிராக்குகளுக்கு வெளியே, கூடுதலாக ஒரு டிராக்கைத் தானே ஃபார்மேட் செய்து அங்கே குடியிருப்பான். சாதாரணமாகத் தேடினால் அந்த டிராக் இருப்பதே தெரியாது. ஹார்ட் டிஸ்க்கில் முதல் செக்டாரையே பிடித்துக்கொள்வான். பிரெய்ன் மாதிரியே, யாராவது எட்டிப் பார்த்தால் அசலைக் காட்டி ஏமாற்றுவான். கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தி மறுபடி துவக்கினாலும் மெமரியில் பிழைத்திருப்பான். கரண்டையே நிறுத்தினால்தான் மெமரியை விட்டுப் போவான்.

வெள்ளி ஸ்டிக்கரின் மகிமை

அப்படியானால் இவனை எப்படிப் பிடித்தார்கள்? இதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

வைரஸ் ஏற்கெனவே கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போது, "திருடன் இருக்கிறானா?" என்று அந்தக் கடைக்குள் நின்று கேட்டுப் பயனில்லை. பதில் சொல்கிறவனே அவன்தான். அதனால் வெளியிலிருந்து ஒரு நம்பிக்கையான ஆளைக் கூட்டி வர வேண்டும். சுத்தமானது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு டாஸ் ஃப்ளாப்பியை வைத்து, கம்ப்யூட்டரை முழுதாக அணைத்து, அதிலிருந்து துவக்க வேண்டும். அப்போது ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் வைரஸ் ஓடவே இல்லை, வெறும் எழுத்தாகத் தூங்குகிறது. தூங்குகிறவனைப் பிடிப்பது சுலபம்.

ஆனால் அந்தச் சுத்தமான ஃப்ளாப்பி சுத்தமாகவே இருப்பதற்கு என்ன உத்தரவாதம்? அதற்குத்தான் அந்த வெள்ளி ஸ்டிக்கர். ஐந்தேகால் இஞ்ச் ஃப்ளாப்பியின் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். அதை ஸ்டிக்கரால் மூடிவிட்டால் டிரைவ் அதன் மேல் எழுதாது. சாஃப்ட்வேர் எத்தனை கெஞ்சினாலும் எழுதாது, ஏனென்றால் தடுப்பது ஹார்டுவேர். பிறகு வந்த மூன்றரை இஞ்ச் ஃப்ளாப்பியில் அந்த ஸ்டிக்கர் ஒரு சின்ன பிளாஸ்டிக் தாழ்ப்பாளாக மாறியது.

பயாஸ் தயாரித்தவர்களும் சும்மா இருக்கவில்லை. செட்டிங்கில் "வைரஸ் வார்னிங்" என்று ஒன்று வைத்தார்கள். யாராவது முதல் செக்டாரில் எழுதப் போனால் மணியடிக்கும். சிக்கல் என்னவென்றால் விண்டோஸ் இன்ஸ்டால் செய்யும்போதும் அது மணியடிக்கும். மணிச்சத்தம் தாங்காமல் மக்கள் அதை அணைத்து வைத்தார்கள். வசதிக்காகப் பாதுகாப்பை அணைக்கும் பழக்கம் அன்றைக்கே இருந்திருக்கிறது.

இந்தக் காலத்தில்தான் நம் நாட்டிலேயே மருந்து தயாரிக்கத் தொடங்கினார்கள். சென்னையில் ஜெ. கேசவர்தனன் 1990களின் தொடக்கத்தில் ஆரம்பித்த கே7 கம்ப்யூட்டிங் பின்னாளில் ஜப்பான் வரை போய் விற்றது. புனேயில் பத்தாவதோடு படிப்பை நிறுத்தி, கால்குலேட்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்த கைலாஷ் கட்கரும் அவர் தம்பி சஞ்சய் கட்கரும் க்விக் ஹீலை உருவாக்கினார்கள். அந்த நிறுவனம் 2016-ல் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது.

மார்ச் 6

இதுவரை சிரித்துக்கொண்டே சொன்ன மாமா இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தினார்.

மைக்கேலேஞ்சலோ என்று ஒரு வைரஸ். 1991-ல் கண்டுபிடிக்கப்பட்டது. சிற்பி மைக்கேலேஞ்சலோவின் பிறந்த நாள் மார்ச் 6. அந்தத் தேதியில் கம்ப்யூட்டரை ஆன் செய்தால் ஹார்ட் டிஸ்க்கின் முன்பகுதியை அழித்து எழுதிவிடும். 1992 மார்ச் 6-க்கு முன்னால் உலகப் பத்திரிகைகள் எல்லாம் லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்கள் சாகப் போகின்றன என்று எழுதின. உண்மையில் பாதிக்கப்பட்டவை ஆயிரக்கணக்கில்தான். அதோடு உலகம் அதை மறந்துவிட்டது. வைரஸ் மறக்கவில்லை, ஒவ்வொரு மார்ச் 6-க்கும் காத்திருந்தது.

1995. கம்பத்தில் ஒரு மண்டிக்காரர் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, டாஸில் கணக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். உதவிக்குப் போனது மாமா. சென்டரிலிருந்து ஒரு ஃப்ளாப்பி எடுத்துப் போனார். ஸ்டிக்கர் ஒட்டாத ஃப்ளாப்பி. வேலை முடிந்து டிரைவிலேயே மறந்து விட்டுவிட்டு வந்தார். மறுநாள் மண்டிக்காரர் ஆன் செய்ததும், "நான் சிஸ்டம் டிஸ்க்" என்று ஒரு செய்தி வந்தது. ஃப்ளாப்பியை உருவிவிட்டு மறுபடி ஆன் செய்தார். எல்லாம் சரியாக ஓடியது. ஆனால் அந்தச் செய்தி திரையில் வருவதற்குள் ஃப்ளாப்பியின் பூட் செக்டார் ஒருமுறை ஓடி முடித்துவிட்டது. ஆள் ஹார்ட் டிஸ்க்குக்கு மாறிவிட்டான்.

மார்ச் 6 அந்த வருடம் திங்கட்கிழமை. நிதியாண்டு முடிய இன்னும் 25 நாள். ஏப்ரலிலிருந்து ஏற்றிய பதினோரு மாதக் கணக்கும் போய்விட்டது.

"நான்தான்டா கொண்டு போயி வச்சேன். அவர்கிட்ட போயி சொல்லிட்டேன். திட்டுவாருன்னு நெனச்சேன். அவரு பெட்டியத் தொறந்து சிட்டையும் பேரேட்டையும் எடுத்துப் போட்டு, கம்ப்யூட்டர் போனா என்ன தம்பி, எழுதுனது இருக்குல்ல, ஒக்காந்து மறுபடி ஏத்துன்னாரு."

மூன்று வாரம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து மாமா ஏற்றிக் கொடுத்திருக்கிறார். காசு வாங்கவில்லை. அன்றையிலிருந்து அவர் ஸ்டிக்கர் ஒட்டாமல் எந்த ஃப்ளாப்பியையும் வெளியே எடுத்துப் போனதில்லை. பிஸ்கட் டப்பா இன்னும் ஏன் இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

சிப்பையே கெடுத்தவன்

அதுவரை டிஸ்க்கோடு நின்றது. 1999 ஏப்ரல் 26 அன்று அடுத்த படிக்குப் போனது. தைவானில் சென் இங்-ஹாவ் என்ற கல்லூரி மாணவர் எழுதிய சி.ஐ.ஹெச். வைரஸ். செர்னோபில் விபத்து நடந்த அதே தேதி என்பதால் செர்னோபில் என்றே பெயர் பெற்றுவிட்டது. இது பூட் செக்டார் வகை அல்ல, விண்டோஸ் நிரல்களில் ஒட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அந்தத் தேதியில் ஹார்ட் டிஸ்க்கின் தொடக்கத்தை அழிப்பதோடு, முடிந்தால் பயாஸ் சிப்பின் மேலேயே குப்பையை எழுதிவிடும். அப்புறம் கம்ப்யூட்டர் ஆன் ஆகவே ஆகாது. சிப்பைக் கழற்றி மாற்ற வேண்டும். தென் கொரியா, துருக்கி என்று ஆசியா முழுக்க அடி, இந்தியாவிலும் அடி.

சாவியை வைத்திருக்கும் முதலாளியையே அடித்துப் போட்டுவிட்ட கதை இது. பயாஸையும் காவல் காக்க வேண்டும் என்பது அன்றைக்குத்தான் உலகுக்கு உறைத்தது.

ஃப்ளாப்பி செத்தது, வித்தை சாகவில்லை

2000களில் ஃப்ளாப்பி மறைந்தது. பூட் செக்டார் வைரஸும் போய்விட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். 2007 கடைசியில் மெப்ரூட் வந்தது. அதே பழைய முதல் செக்டார், அதே ஒளிந்துகொள்ளும் வித்தை. ஆனால் நோக்கம் மாறிவிட்டது. ஜோஷி வாழ்த்து மட்டும்தான் கேட்டான். இது வங்கிக் கணக்கின் பாஸ்வேர்டு கேட்டது, அதுவும் கேட்காமலேயே எடுத்துக்கொண்டது.

2017 ஜூன் 27 கதை காமர்ஸ் மாணவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. உக்ரைனில் எம்.இ.டாக் என்று ஒரு கணக்கு மென்பொருள், வரி தாக்கல் செய்ய அங்கே நிறைய நிறுவனங்கள் பயன்படுத்துவது. அதன் அப்டேட் வழியாக நாட்பெட்யா உள்ளே வந்தது. துவக்க செக்டாரை மாற்றி எழுதியது, கம்ப்யூட்டரை மறுபடி துவக்கியது, டிஸ்க்கைச் சரிபார்க்கிற மாதிரி ஒரு பொய்த்திரையைக் காட்டியது. பார்க்கிறவர் "சரி, ஏதோ ரிப்பேர் ஓடுது" என்று காத்திருக்க, பின்னால் கோப்புகளின் அட்டவணையைப் பூட்டிக்கொண்டிருந்தது.

இதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்றால், டென்மார்க் கப்பல் கம்பெனி மேர்ஸ்க் இதில் மாட்டியது. அவர்களுடைய ஏ.பி.எம். டெர்மினல்ஸ் நடத்தும் முனையம் மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் இருக்கிறது. கம்ப்யூட்டர் நின்றதும் அங்கே கன்டெய்னர் வேலை முடங்கியது. மேர்ஸ்க் பத்து நாளில் 45,000 பி.சி.க்களையும் 4,000 சர்வர்களையும் திரும்ப நிறுவ வேண்டியிருந்தது. நஷ்டம் 25 முதல் 30 கோடி டாலர். எங்கோ உக்ரைனில் ஒரு கணக்கு மென்பொருளில் புகுந்தது, இங்கே நம் துறைமுகத்தில் லாரிகளை நிறுத்தி வைத்தது.

முதலாளிக்கு அறிவு வந்தது

சரி, செக்யூர் பூட்டுக்கு வருவோம். பயாஸுக்குப் பதிலாக வந்தது யு.இ.எஃப்.ஐ. 2011-ல் வந்த அதன் 2.3.1 பதிப்பில் செக்யூர் பூட் உருப்பெற்றது. 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது அது புதிய கம்ப்யூட்டர்களில் பரவலானது.

வங்கி உதாரணம் சொன்னால் நம் ஆட்களுக்குச் சட்டென்று புரியும். நீங்கள் செக் கொடுத்தால் வங்கியில் என்ன செய்வார்கள்? தங்களிடம் இருக்கும் மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். செக்யூர் பூட்டும் அதேதான். மதர்போர்டு சிப்பில் நம்பிக்கையான கையெழுத்துகளின் பட்டியல் ஒன்று உண்டு. துவக்க நிரல் வந்து நின்றால், "உன்மேல் யார் கையெழுத்து?" என்று பார்க்கும். பட்டியலில் இருந்தால் சாவி, இல்லாவிட்டால் ஷட்டர் திறக்காது. இன்னொரு பட்டியலும் உண்டு, அது தடைப் பட்டியல். நாம் வங்கியில் ஸ்டாப் பேமெண்ட் கொடுப்போமே, அது மாதிரி. கையெழுத்து சரியாக இருந்தாலும் இந்தப் பட்டியலில் இருந்தால் உள்ளே விடாது.

டி.பி.எம். என்று ஒரு சிப்பும் கூட இருக்கும். அது ஆடிட்டர் மாதிரி. யாரையும் தடுக்காது. துவங்கும்போது எந்த வரிசையில் என்னென்ன ஓடியது என்று குறித்து வைக்கும். குறிப்பு மாறினால் டிஸ்க்கின் பூட்டுச் சாவியைக் கொடுக்க மறுக்கும். 2021-ல் வந்த விண்டோஸ் 11 இந்த இரண்டு வசதியும் இருக்க வேண்டும் என்று விதி வைத்தது.

இதற்கு எதிர்ப்பும் வந்தது. கையெழுத்துப் போடுவது மைக்ரோசாஃப்ட் என்றால், லினக்ஸ் என்ன ஆகும்? நம் தமிழ்நாட்டில் இது சும்மா கேள்வி இல்லை. 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸோடு சி-டாக் சென்னையில் உருவாக்கிய போஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். என் அக்காவுக்குக் கிடைத்ததில்தான் நான் முதன்முதலில் லினக்ஸ் பார்த்தேன். சொந்தக் கம்ப்யூட்டரில் எது ஓட வேண்டும் என்று சொல்ல இன்னொரு கம்பெனி யார் என்று உலகெங்கும் லினக்ஸ் ஆட்கள் கேட்டார்கள். மேத்யூ காரெட் போன்றவர்கள் 2012-ல் ஷிம் என்ற ஒரு சின்ன நிரலைக் கொண்டு வந்து சமாதானம் செய்தார்கள். மைக்ரோசாஃப்ட் கையெழுத்து ஷிம்முக்கு, ஷிம்மின் நம்பிக்கை லினக்ஸுக்கு. ஜாமீன் கையெழுத்து மாதிரிதான்.

பூட்டு இருந்தும்...

இத்தனைக்குப் பிறகு எல்லாம் பத்திரமா? இல்லை.

2022 அக்டோபரில் இருந்து கள்ளச் சந்தையில் பிளாக்லோட்டஸ் என்று ஒன்று 5,000 டாலருக்கு விலைக்கு வந்தது. செக்யூர் பூட் ஆனில் இருக்கும்போதே, எல்லா அப்டேட்டும் போட்ட விண்டோஸ் 11-லேயே அது உள்ளே போய்விடும் என்று ஈசெட் நிறுவனம் 2023 மார்ச்சில் நிரூபித்தது. எப்படித் தெரியுமா? மைக்ரோசாஃப்டின் பழைய துவக்க நிரல் ஒன்றில் ஓட்டை இருந்தது. 2022 ஜனவரியிலேயே சரி செய்துவிட்டார்கள். ஆனால் ஓட்டை உள்ள பழைய நிரலைத் தடைப் பட்டியலில் சேர்க்கவில்லை. அதன் கையெழுத்து இன்னும் செல்லும். பிளாக்லோட்டஸ் அந்தப் பழைய நிரலையே கையோடு கொண்டு வந்தது! புது செக் புத்தகம் கொடுத்துவிட்டு, பழையதற்கு ஸ்டாப் பேமெண்ட் கொடுக்காமல் விட்ட கதை. உடனே தடை செய்யவும் முடியாது, செய்தால் பழைய மீட்பு டிஸ்க்குகள் எல்லாம் ஓடாமல் போகும். அதனால் படிப்படியாகத்தான் செய்ய வேண்டியிருந்தது.

2024 ஜூலையில் வந்தது இன்னும் கொடுமை. பைனார்லி என்ற நிறுவனம் கண்டுபிடித்து, பி.கே.ஃபெயில் என்று பெயர் வைத்தது. சோதனைக்காக மட்டும் தயாரித்து, "டூ நாட் டிரஸ்ட்" என்று பெயரிலேயே எழுதி வைத்த மூலச் சாவியை, மாற்றாமல் அப்படியே நூற்றுக்கணக்கான மாடல்களில் போட்டு விற்றிருக்கிறார்கள். "இதை நம்பாதே" என்று எழுதிய சாவியை நம்பித்தான் அத்தனை பேர் கடை திறந்திருக்கிறார்கள்!

இன்னொரு விஷயம். 2011-ல் கொடுத்த மைக்ரோசாஃப்ட் சான்றிதழ்களின் ஆயுள் 2026 ஜூன் முதல் ஒவ்வொன்றாக முடிகிறது. 2023-ஆம் ஆண்டுச் சான்றிதழ்கள் அவற்றின் இடத்துக்கு வருகின்றன. அப்டேட் போடாமல் தள்ளிப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்கவும். சான்றிதழ் முடிந்த அன்றே கம்ப்யூட்டர் நின்றுவிடாது, ஆனால் துவக்கத்துக்கான புதிய பாதுகாப்புத் திருத்தங்கள் வந்து சேராது.

நான் என்ன செய்தேன்

"ஆன் பண்ணிரலாமா மாமா?" என்று கேட்டேன். "மொதல்ல டேட்டாவ எடு" என்றார். டேலி டேட்டாவை இரண்டு பென்டிரைவில் எடுத்தோம். பிறகு அவருடைய கம்ப்யூட்டரில் தயாரித்த ஒரு மீட்பு பென்டிரைவிலிருந்து என் லேப்டாப்பைத் துவக்கி, வெளியிலிருந்து டிஸ்க்கைச் சோதித்தோம். 1990-ல் ஜோஷியைப் பிடித்த அதே முறை! ஒன்றும் சிக்கவில்லை. அப்பாடா என்றேன்.

மாமா விடவில்லை. பழைய பயாஸ் முறையில் விண்டோஸை நிறுவியிருந்ததால் செக்யூர் பூட்டைச் சும்மா ஆன் செய்தால் ஓடாது. அதனால் டிஸ்க்கை முழுதாக அழித்து, யு.இ.எஃப்.ஐ. முறையில் ஒழுங்கான விண்டோஸை நிறுவி, தயாரிப்பாளர் தளத்திலிருந்து பயாஸ் அப்டேட் போட்டு, செக்யூர் பூட்டை ஆன் செய்து, பயாஸுக்கு ஒரு பாஸ்வேர்டும் வைத்தோம். ராத்திரி பத்து மணி ஆகிவிட்டது. அத்தை இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டு, மூன்றாவது தடவை கூப்பிடவில்லை. :-)

மறுநாள் போடிக்குப் போய் முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன், உங்கள் கணக்கை இரண்டு மாதமாகப் பூட்டாத பெட்டியில் வைத்திருந்தேன் என்று. மாமா 1995-ல் சொன்ன மாதிரி நானும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அவர் கேட்டது ஒரே கேள்வி: "கம்ப்யூட்டர் போனா நம்மகிட்ட வேற என்னப்பா இருக்கு?"

யோசித்துப் பார்த்தேன். மண்டிக்காரரிடம் சிட்டை இருந்தது, பேரேடு இருந்தது. எங்களிடம் எதுவும் இல்லை. பாக்கி வர வேண்டியது யாரிடம், கொடுக்க வேண்டியது யாருக்கு, எல்லாம் அந்த ஒரே டிஸ்க்கில். அவர்கள் காலத்தில் கம்ப்யூட்டர் பேரேட்டின் நகல். நம் காலத்தில் அதுதான் பேரேடு.

இப்போது சனிக்கிழமை தோறும் பேக்கப் எடுத்து, கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி, கடைப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறோம். மாதம் முடிந்ததும் பேரேட்டை அச்செடுத்து நூல் போட்டுக் கட்டி வைக்கிறோம். முதலாளிக்கு அந்தக் கட்டைப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம்.

நண்பர்களே, இதைப் படித்து முடித்ததும் ஒரு நிமிடம் செலவு செய்யுங்கள். விண்டோஸ் பொத்தானோடு ஆர் எழுத்தை அழுத்தி, எம்.எஸ்.இன்ஃபோ32 என்று ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். "செக்யூர் பூட் ஸ்டேட்" என்ற வரிக்கு எதிரே ஆன் என்று இருந்தால் நல்லது. ஆஃப் என்று இருந்தால் அவசரப்பட்டு மாற்ற வேண்டாம், முதலில் டேட்டாவை எடுங்கள். பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

கொசுறு: வரும்போது மாமாவிடம் அந்த ஃப்ளாப்பிகளில் ஒன்று கேட்டேன். படிக்க டிரைவ் எங்கேயும் இல்லை, எனக்கு எதற்கு என்று அவருக்கும் தெரியும். ஸ்டிக்கர் நன்றாக ஒட்டியிருக்கிறதா என்று விரலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.